கொடி இருந்தது, கஜானா இல்லை

ஜெர்மன் கடற்படை என்றதும் நம்மவர்களுக்கு எம்டன் கப்பல்தான் ஞாபகம் வரும். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டு வீசிய கப்பல் அது. படு கெட்டிக்கார ஆசாமியை "சரியான எம்டன்" என்று இன்றைக்கும் சொல்கிறோம். ஆனால் நான் இங்கே சொல்ல வந்தது, அதற்கு 66 ஆண்டுகள் முன்னால் பிறந்து, ஐந்தே ஆண்டில் ஏலத்தோடு முடிந்துபோன இன்னொரு ஜெர்மன் கடற்படையின் கதை.

1848-இல் ஜெர்மனி ஒரே நாடாக இல்லை. ஏறக்குறைய 39 தனி அரசுகள் சேர்ந்த ஒரு கூட்டமைப்பு, அவ்வளவுதான். ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் பகுதி யாருக்கு என்பதில் டென்மார்க்குடன் போர் மூண்டது. டென்மார்க் சின்ன நாடு. ஆனால் அதனிடம் போர்க்கப்பல்கள் இருந்தன. அது வடஜெர்மன் துறைமுகங்களை முற்றுகையிட்டதும் வியாபாரம் படுத்துவிட்டது. புரட்சியின் விளைவாக ஃபிராங்க்ஃபர்ட்டில் கூடியிருந்த தேசிய சபை, 1848 ஜூன் 14 அன்று கடற்படைக்கென 60 லட்சம் தாலர் ஒதுக்கியது. பங்கு பிரித்து அரசுகள் கட்ட வேண்டும் என்பது ஏற்பாடு.

நிர்வாகம் எப்படி இருந்தது? உச்சியில், சபை தேர்ந்தெடுத்த ஆட்சிக் காவலர், ஆஸ்திரிய இளவரசர் யோஹான். கடற்படைக்குத் தனி அமைச்சர் கிடையாது. பிரெமன் நகர வணிகரான வர்த்தக அமைச்சர் ஆர்னோல்ட் டுக்விட்ஸ்தான் அதையும் சேர்த்துப் பார்த்தார். தொழில்நுட்ப ஆலோசனைக்குப் பிரஷ்ய இளவரசர் அடால்பர்ட் தலைமையில் ஒரு குழு. களத்தில், கிரேக்கக் கடற்படையில் பணியாற்றித் திரும்பிய கார்ல் ருடோல்ஃப் பிரோமி. கப்பல், ஆள், பயிற்சி, கிடங்கு எல்லாம் அவர் தலையில் விழுந்தன.

மனுஷர் அசரவில்லை. பயணிக் கப்பல்களை வாங்கிப் பீரங்கி பூட்டினார்கள். அவற்றில் ஒன்று 'பார்பரோசா'. 1842-இல் நாவலாசிரியர் டிக்கன்ஸை அமெரிக்காவுக்கு ஏற்றிச் சென்ற 'பிரிட்டானியா' கப்பல்தான் பெயர் மாறி இப்படி வந்தது. 1849 ஜூன் 4 அன்று பிரோமி மூன்று நீராவிக் கப்பல்களோடு போய், ஹெல்கோலாந்து தீவுக்கு அருகே டேனிஷ் கப்பல் ஒன்றுடன் மோதினார். அந்தத் தீவு அப்போது பிரிட்டன் வசம் இருந்தது. அங்கிருந்து எச்சரிக்கைக் குண்டு வரவே, அவர் திரும்ப வேண்டியதாயிற்று. கறுப்பு-சிவப்பு-பொன் கொடியை பிரிட்டன் அங்கீகரிக்கவில்லை. அந்தக் கொடியோடு சண்டைக்கு வரும் கப்பல்களைக் கடற்கொள்ளையராகக் கருதலாம் என்றும் எச்சரித்தது. அதிகாரிகள், சீருடை, சட்டதிட்டம் எல்லாம் முறைப்படிதான் இருந்தன. ஆனால் அந்தக் கொடிக்குப் பின்னால், பிறர் ஒப்புக்கொண்ட ஓர் அரசு இல்லை!

உள்ளூர் நிலைமை இன்னும் மோசம். ஆஸ்திரியா, "எனக்குத்தான் அட்ரியாட்டிக் கடலில் சொந்தக் கடற்படை இருக்கிறதே" என்றது. பிரஷ்யாவுக்குத் தன் கடற்படையை வளர்ப்பதில்தான் அக்கறை. கடலே பார்க்காத உள்நாட்டு அரசுகள் பல, பங்குப் பணத்தைக் கட்டவே இல்லை. மேலிடமும் மாறிக்கொண்டே இருந்தது. 1849 டிசம்பரில் யோஹான் பதவி விலகினார். பிறகு ஆஸ்திரிய-பிரஷ்ய இடைக்கால ஆணையம், அதன்பின் பழைய கூட்டமைப்பு சபை. பிரோமி யாரிடம் போய்ப் பணம் கேட்பார்?

1852 ஏப்ரல் 2 அன்று கடற்படையைக் கலைக்க முடிவானது. விற்கும் வேலை ஹானிபால் ஃபிஷர் என்ற அதிகாரிக்கு. 'பார்பரோசா' உட்பட இரண்டு கப்பல்களைப் பிரஷ்யா எடுத்துக்கொண்டது. மற்றவை ஏலத்தில் போயின. 1853 மார்ச் 31 அன்று பிரோமி தம் ஆட்களுக்குக் கடைசி ஆணையை எழுதி விடைகொடுத்தார். 1860-இல் அவர் காலமானபோது ஜெர்மனி இன்னும் ஒன்றுபடவில்லை.

ஆனாலும் அந்த உழைப்பு வீண் என்று நான் சொல்ல மாட்டேன். இன்றைய ஜெர்மன் கடற்படை, அந்த ஜூன் 14-ஐத்தான் தன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறது. வரலாறு படிக்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். ஓர் அமைப்பை எடைபோட, அதன் பதவிப் பட்டியலை மட்டும் பார்க்காதீர்கள். பணம் யார் தருகிறார், தராவிட்டால் யார் கேட்பார் என்று பாருங்கள். சங்கத்துக்குச் சந்தா பாக்கி வைத்திருக்கும் என் வயதுக்காரர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை!