ஆட்சிக்கு எதிரான போராட்டம் எல்லையோடு நின்றுவிடுமா? கோலார் தங்கவயல் பகுதியின் வரலாறு கூறுவது என்ன?

கோலார் தங்கவயல்: மக்களாட்சி கோரி ஒரு நாட்டில் எழும் போராட்டத்தின் விளைவுகள் அந்நாட்டோடு முடிந்துவிடுவதில்லை. அடைக்கலம் தேடுவோர், தடைக்கு உள்ளான பத்திரிகைகள், தலைமறைவுத் தொண்டர்கள் என அவை அண்டைப் பகுதிகளையும் வந்தடைகின்றன. மியான்மர், வங்கதேச நிகழ்வுகளையொட்டி இன்று விவாதிக்கப்படும் இந்தக் கேள்வியை, சுமார் 80 ஆண்டுகளுக்கு முன்பே கோலார் மாவட்ட எல்லை சந்தித்துள்ளது.

இரு ஆட்சிகளுக்கு இடையில்

சுதந்திரத்துக்கு முன்பு தங்கவயல் மைசூர் சமஸ்தானத்தில் இருந்தது. அங்கு 1881 முதல் பிரதிநிதித்துவ சபை செயல்பட்டபோதிலும், மன்னர் நியமித்த திவானை நீக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. எல்லைக்கு அப்பால் இருந்தது பிரிட்டிஷ் ஆட்சியின் கீழான சென்னை மாகாணம்.

ஜான் டெய்லர் நிறுவனம் நடத்திய சுரங்கங்களில் பணியாற்றியவர்களில் பெரும்பாலோர் அந்த மாகாணத்தின் வட ஆற்காடு, சித்தூர், சேலம் மாவட்டங்களிலிருந்து வந்த தமிழரும் தெலுங்கரும் ஆவர். வேலை ஓர் ஆட்சியிலும் சொந்த ஊர் மற்றோர் ஆட்சியிலுமாக அவர்கள் வாழ்ந்தனர். கைரேகைப் பதிவை எதிர்த்து 1930-இல் அவர்கள் நடத்திய வேலைநிறுத்தம் குறிப்பிடத்தக்கது. 1946 நவம்பரில் நடந்த காவல்துறை துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் 6 பேர் உயிரிழந்தனர்.

விதுராஸ்வத்தா முதல் 'மைசூர் சலோ' வரை

1938 ஏப்ரல் 25-இல், அப்போதைய கோலார் மாவட்டத்தின் விதுராஸ்வத்தாவில் கொடி சத்தியாகிரகத்துக்காகக் கூடியிருந்த மக்கள் மீது சமஸ்தான காவல்துறை சுட்டது. 32 பேர் வரை உயிரிழந்ததாகக் கூறப்படுகிறது. அரசு தெரிவித்த எண்ணிக்கை அதைவிடக் குறைவு. இதையடுத்து வல்லபபாய் படேலும் ஆச்சார்ய கிருபளானியும் மைசூர் வந்து, திவான் மிர்சா இஸ்மாயிலுடன் உடன்பாடு கண்டனர்.

1947 ஆகஸ்டில் மைசூர் இந்தியாவுடன் இணைந்தாலும், உள்நாட்டு நிர்வாகம் மன்னரிடமே இருந்தது. பொறுப்பாட்சி கோரி செப்டம்பர் 1-இல் மைசூர் காங்கிரஸ் 'மைசூர் சலோ' போராட்டத்தைத் தொடங்கியது. அப்போது திவானாக இருந்தவர் ஆற்காடு இராமசாமி முதலியார்.

இந்தக் கட்டத்தில் அண்டை மாகாணத்தின் இடம் முக்கியமானது. அரசின் கெடுபிடியால் சமஸ்தானத்துக்குள் 'பௌரவாணி' இதழை நடத்த இயலாத நிலையில், எச்.எஸ்.துரைசாமி அதைச் சென்னை மாகாணத்தின் இந்துப்பூரிலிருந்து வெளியிட்டார். தொண்டர்களும் எல்லைக்கு அப்பாலிருந்து இயங்கினர். ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் தலைமையில் காங்கிரசே சென்னை மாகாணத்தை ஆண்டது இதற்குச் சாதகமாக அமைந்தது.

அக்டோபரில் மன்னர் இணங்கினார். தங்கவயலுக்கு அருகிலுள்ள கியாசம்பள்ளியில் பிறந்த கே.சி.ரெட்டி மைசூரின் முதல் முதலமைச்சரானார்.

ஹைதராபாத்தில் மாறுபட்ட முடிவு

அதே காலத்தில் நிஜாம் ஆட்சிக்கு எதிராகவும் போராட்டம் நடந்தது. அங்கு ரஜாக்கர்களின் வன்முறைக்கு அஞ்சிய மக்கள் சென்னை மாகாணம் உள்ளிட்ட அண்டைப் பகுதிகளில் தஞ்சமடைந்தனர். சமரசம் ஏற்படாத நிலையில், 1948 செப்டம்பர் 13-இல் இந்திய ராணுவம் நுழைந்தது. 17-ஆம் தேதி நிஜாம் பணிந்தார். ஆட்சியாளர் விட்டுக்கொடுத்த மைசூரில் அண்டை மாகாணம் அச்சகத்துக்கும் தொண்டர்களுக்கும் இடமளித்ததோடு விளைவு நின்றது. விட்டுக்கொடுக்க மறுத்த ஹைதராபாத்தில் அது அகதிகள் வருகையாகவும் ராணுவ நடவடிக்கையாகவும் விரிந்தது.

இன்றைய நிலை

மியான்மரில் 2021 பிப்ரவரி 1-இல் ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியபின், 30,000-க்கும் மேற்பட்டோர் மிசோரமுக்குள் வந்தனர். வருகையைத் தடுக்குமாறு மத்திய உள்துறை அமைச்சகம் எல்லை மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. சின் மக்களை உறவினராகக் கருதும் மிசோரம் அவர்களைத் திருப்பி அனுப்ப மறுத்தது. எல்லைவாழ் மக்கள் விசாவின்றி 16 கிலோமீட்டர் வரை சென்றுவரும் ஏற்பாடு கைவிடப்படும் என 2024 பிப்ரவரியில் மத்திய அரசு அறிவித்தது. இலங்கையில் 2022-இல் நெருக்கடி முற்றியபோது, ராமேசுவரம் கடற்கரையில் தமிழ்க் குடும்பங்கள் வந்திறங்கின. வங்கதேசத்தில் 2024 ஆகஸ்ட் 5-இல் பதவி இழந்த ஷேக் ஹசீனா இந்தியாவுக்கு வந்தார். அங்கு எல்லையைக் கடந்தவர் ஆட்சியாளரே என்பதால், அது இரு நாட்டு உறவில் சிக்கலாகியது.

இந்நிகழ்வுகளில் சில பொதுத் தன்மைகள் தெரிகின்றன. மொழி, உறவு, தொழில் ஆகியவற்றால் ஏற்கெனவே பிணைந்துள்ள எல்லைப் பகுதியையே தாக்கம் முதலில் எட்டுகிறது. அண்டை அரசு யாருக்கு இடமளிக்கிறது என்பது போராட்டத்தின் போக்கை மாற்றக்கூடும். எல்லையோர மக்களின் பரிவும் தலைநகரின் கணக்கும் எப்போதும் ஒன்றுபடுவதில்லை என்பதை மிசோரம் காட்டியது.

தங்கச் சுரங்கங்கள் 2001-இல் மூடப்பட்டன. அன்று இரு ஆட்சிகளைப் பிரித்த எல்லை, இன்று கர்நாடகத்துக்கும் ஆந்திரத்துக்கும் இடையிலான மாநில எல்லையாக உள்ளது.