ஒரு கிகாஃபிளாப்ஸ் என்ன விலை? பழவேற்காட்டை வைத்து ஒரு கணக்கு

பழவேற்காட்டு மீனவர்களின் தொழிலோடு இரண்டு சூப்பர் கம்ப்யூட்டர்களுக்குச் சம்பந்தம் உண்டு. இரண்டுமே அந்த ஊரில் இல்லை. ஒன்று திருவனந்தபுரத்தில், விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில் 2011இல் தொடங்கிய சாகா-220. ஏரிக்கு அக்கரையில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பும் ராக்கெட்டுகளின் காற்றியக்கக் கணக்குகளைப் போடுவதற்காகக் கட்டியது. ராக்கெட் விடும் நாளில் இந்தக் குப்பங்களில் யாரும் கடலுக்குப் போகக் கூடாது. இன்னொன்று வானிலைக் கணினி. 2018 ஜனவரியில் புனேயில் 'பிரத்யுஷ்', நொய்டாவில் 'மிஹிர்' என்று இரட்டையாக வந்தது. புயல் வரும் நாளில் 'போகாதே' என்று சொன்னது இதன் கணக்கு.

இரண்டின் விலையும் வேகமும் வெளிப்படையாக அறிவிக்கப்பட்டவை. சும்மா வகுத்துப் பார்த்தேன்.

சாகா-220: சுமார் 14 கோடி ரூபாய், 220 டெராஃபிளாப்ஸ். ஒரு கிகாஃபிளாப்ஸுக்கு (நொடிக்கு நூறு கோடி கணக்கு) சுமார் 636 ரூபாய்.

பிரத்யுஷ், மிஹிர்: 438.9 கோடி ரூபாய், 6.8 பெட்டாஃபிளாப்ஸ். ஒரு கிகாஃபிளாப்ஸுக்கு சுமார் 645 ரூபாய்.

நடுவில் ஏழு வருடம். கம்ப்யூட்டர் விலை வருடா வருடம் சரியும் என்பது நம்ம எல்லோருக்கும் பழகிய விஷயம். அப்படியிருக்க 2018இல் வாங்கியதும் 2011 விலையிலேயே நிற்கிறதே, ஏன்? அரசாங்கம் ஏமாந்துவிட்டதா? இல்லை என்பதுதான் என் பதில். அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

கொடுத்த காசுக்கு எவ்வளவு வேகம் என்ற கேள்விக்கு முதலில் சூத்திரம் சொன்னவர் ஹெர்பர்ட் குரோஷ். 1950களில் அவர் சொன்னது: கணினியின் திறன் விலையின் வர்க்கத்துக்கு ஏற்ப உயரும். இரண்டு மடங்கு காசு போட்டால் நாலு மடங்கு திறன். அப்படியென்றால் நாலு சின்ன மெஷின் வாங்குவது வீண்; ஒரே பெரிய மெஷின் வாங்கி எல்லோரும் முறை வைத்துக்கொள்வதுதான் லாபம். சென்னை ஐஐடிக்கு 1973இல் வந்த ஐபிஎம் 370/155 அந்தக் காலத்து மெஷின். துளை அட்டைக் கட்டைக் கொடுத்துவிட்டு முறைக்காகக் காத்திருக்க வேண்டும்.

பழவேற்காட்டுக்காரர்களுக்கு இது புதிதல்ல. ஏரியில் இறால் நன்றாகப் படும் இடங்கள் கொஞ்சம்தான். அங்கே எந்த நாளில் யார் சுத்துவலை போடுவது என்பதை முறை வைத்துப் பிரிக்கும் ஏற்பாட்டுக்குப் 'பாடு' என்று பெயர். அரிதான ஒன்றைப் பலர் பங்கு போட வேண்டுமென்றால் ஏரியானாலும் மெயின்ஃபிரேம் ஆனாலும் வழி அதுதான்.

மைக்ரோபிராசசர் வந்ததும் குரோஷ் விதி தலைகீழானது. ஒரு பெரிய மெஷினின் காசுக்கு மலிவான சில்லுகளை நூற்றுக்கணக்கில் வாங்கிக் கோக்கலாம். இந்தியாவில் இந்தத் திருப்பம் வானிலையை ஒட்டியே நடந்தது. 1989இல், அப்போது டில்லியிலிருந்த தேசிய வானிலை முன்கணிப்பு மையத்துக்கு அமெரிக்காவின் கிரே எக்ஸ்-எம்பி வந்தது. நாம் கேட்டது அதைவிடப் பெரிய மாடல். நீண்ட பேச்சுக்குப் பிறகு கிடைத்தது சின்னது. அதற்கு முன்பே 1986இல் பெங்களூரின் தேசிய விண்ணூர்தி ஆய்வகம் இன்டெல் சில்லுகளைக் கோத்து 'ஃப்ளோசால்வர்' கட்டியிருந்தது. 1991இல் சி-டாக், டிரான்ஸ்பியூட்டர் சில்லுகளால் 'பரம் 8000' கட்டியது.

ஆனால் சில்லுகளின் வேகத்தைக் கூட்டிச் சொல்வது எளிது. வானிலைக் கணக்கை அந்த வேகத்தில் ஓட்டுவது கஷ்டம். காரணத்தை ஜீன் அம்டால் 1967இலேயே சொல்லிவிட்டார். பழவேற்காட்டு முகத்துவாரத்தைப் பார்த்தால் அவர் சொன்னது புரியும். ஏரியில் எத்தனை படகு இருந்தாலும் கடலுக்குப் போக வழி அதுதான். மணல் தூர்ந்து ஒவ்வொரு படகாகத்தான் போக முடியும் என்றால் கூடுதலாக நூறு படகு வாங்கியும் பிரயோசனம் இல்லை. ஒரு நிரலில் 5 சதவீதம் பங்கிட முடியாத வேலை இருந்தால், ஆயிரம் சில்லு போட்டாலும் 20 மடங்குக்கு மேல் வேகம் வராது.

இப்போது 636க்கும் 645க்கும் வருவோம். சாகாவில் 400 என்விடியா டெஸ்லா ஜிபியு. ஒவ்வொன்றும் உச்சத்தில் 515 கிகாஃபிளாப்ஸ், ஆக 206 டெராஃபிளாப்ஸ். அதாவது 220இல் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஜிபியுவிலிருந்து வருகிறது. வீடியோ கேம் சந்தையால் மலிவான தொழில்நுட்பம் அது. ராக்கெட்டைச் சுற்றிக் காற்று ஓடும் கணக்குக்கு ஏற்றபடி நிரலை எழுதிக்கொண்டால் நன்றாக உழைக்கும். வானிலை நிரல்களோ பல பத்தாண்டுகளாகச் சேர்ந்த ஃபோர்ட்ரான் வரிகள். அவற்றை ஜிபியுவுக்கு மாற்றி எழுதுவது பல வருட வேலை. போதாததற்கு, ஒவ்வொரு கட்டத்தின் காற்றும் ஈரமும் மற்றக் கட்டங்களைப் பாதிப்பதால் சில்லுகள் ஓயாமல் தகவல் மாற்றிக்கொள்ள வேண்டும். அதனால் பிரத்யுஷில் சாதாரண ஜியான் சிபியுக்களும், அவற்றை இணைக்க விலை உயர்ந்த கிரே வலையமைப்பும். காசில் ஒரு பெரும்பங்கு முகத்துவாரத்தை அகலமாக்கப் போனது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபிளாப்ஸ் கணக்கில் அது தெரியாது.

தெரிவது வேறு இடத்தில். 2018 ஜூனில் உலக அளவிலான பல்கணிப்பு முறையின் கட்ட அளவு 23 கிலோமீட்டரிலிருந்து 12 ஆனது. 2025 மே மாதம் வந்த பாரத் முன்கணிப்பு முறையில் 6. பழவேற்காடு ஏரியின் அதிகபட்ச அகலமே 17 கிலோமீட்டர் சொச்சம். 23 கிலோமீட்டர் கட்டத்தில் ஏரி, மணல் தீவு, கடல் எல்லாம் கலந்து ஒரே எண். 6இல்தான் நிலம் வேறு, நீர் வேறு என்று கணினிக்குத் தெரியத் தொடங்கும். கட்டத்தைப் பாதியாக்கினால் வேலை குறைந்தது எட்டு மடங்கு. காசு அங்கே போகிறது.

இத்தனையும் போட்டு வரும் எச்சரிக்கை படகுக்குப் போய்ச் சேர வேண்டுமே. 2017 நவம்பர் கடைசியில் ஓகி வந்தபோது குமரி மாவட்டத்து ஆழ்கடல் படகுகள் பல ஏற்கெனவே கடலில் இருந்தன. செல்போன் சிக்னல் கரையிலிருந்து 10, 12 கிலோமீட்டர் வரைதான். அதற்கப்பால் இருந்தவர்களுக்குச் சொல்ல வழியில்லை. பலர் திரும்பவே இல்லை. 2019இல் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி வாங்கும் 'ஜெமினி' கருவி வந்தது. விலை சுமார் 9,000 ரூபாய். வாங்க மட்டும்தான் முடியும், திருப்பிச் சொல்ல முடியாது. 2024இல் அறிவித்த திட்டத்தில் 1 லட்சம் படகுகளுக்கு இருவழி டிரான்ஸ்பாண்டர் இலவசம். செலவு 364 கோடி. படகுக்கு 36,400 ரூபாய்.

9,000 ரூபாய் கருவியிலும் 36,400 ரூபாய் திட்டத்திலும் உள்ள கணிப்புத் திறன் ஒரு சாதாரண செல்போன் அளவுக்குக் கூட வராது. ரூபாய்க்கு எத்தனை ஃபிளாப்ஸ் என்று பார்த்தால் இரண்டும் படுமோசமான வியாபாரம். கரையை ஒட்டி எட்டு கிலோமீட்டருக்குள் வலை போடும் பழவேற்காட்டு ஃபைபர் படகுக்குப் பையிலிருக்கும் போனே பெரும்பாலும் போதும். நாலு நாள் தங்கல் போகும் விசைப்படகுக்கு அந்தப் போன் வெறும் டார்ச் லைட். அதே கருவி, அதே விலை. மதிப்பு மட்டும் கரையிலிருந்து தூரத்தைப் பொறுத்து மாறுகிறது.

அடுத்த சூப்பர் கம்ப்யூட்டர் செய்தியில் 'இத்தனை பெட்டாஃபிளாப்ஸ், இத்தனை கோடி' என்று வரும்போது வகுத்துப் பார்ப்பது நல்ல பழக்கம்தான். கூடவே இன்னொரு வகுத்தலும் போடுங்கள்: கணினியிலிருந்து கருவி வரை ஆன மொத்தச் செலவை, புயலுக்கு முன் எச்சரிக்கை கைக்கு வந்து சேர்ந்த படகுகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். அந்த எண்ணை எந்தச் செய்திக்குறிப்பிலும் நான் இதுவரை பார்க்கவில்லை.