குடகு: வீரமரபும் நிலவுறவும்

காவிரியின் பிறப்பிடமாகவே குடகு நமக்குப் பெரிதும் அறிமுகமாகியுள்ளது. தலைக்காவேரியில் தோன்றும் அந்நதியைத் தாயாகப் போற்றும் கொடவர், தென்திராவிட மொழிகளுள் ஒன்றான கொடவ மொழியைப் பேசுவோர். அவர்களைப் பற்றி எழுதுவோர் பலர் 'வீரமரபினர்' என்ற அடைமொழியுடன் அமைந்துவிடுவர். அவ்வீரத்தின் சமூக அடித்தளம் யாது என்பதையே நாம் இங்கு நோக்க முற்படுகின்றோம்.

கொடவ சமூகத்தின் அடிப்படை அலகு 'ஒக்க' எனப்படும் தந்தைவழிக் கூட்டுக்குடும்பமாகும். 'ஐன்மனை' என்னும் மூதாதையர் இல்லமும் 'ஜம்மா' என்னும் பரம்பரை நிலமும் அதன் இரு தூண்கள். ஜம்மா நிலம் உடையோர் போர்ப்பணி ஆற்றக் கடமைப்பட்டிருந்தனர். அதற்கு ஈடாக, ஏனைய நிலங்களுக்குரிய வரியில் பாதியையே செலுத்தினர். எனவே, கொடவரின் வாளும் துவக்கும் நெல்வயலோடு பிணைந்தவை என்பது மனங்கொள்ளத்தக்கது.

இரு நூற்றாண்டுகளுக்கு மேலாகக் குடகை ஆண்ட ஹாலேரி மன்னர்கள் கொடவர் அல்லர், லிங்காயத மதத்தினர். 1834 இல் கிழக்கிந்தியக் கம்பனி சிக்க வீரராஜேந்திரனை அகற்றி நாட்டைக் கைப்பற்றியது. அரசன் நீங்கினான், ஜம்மா முறை நிலைத்தது. 1837 இல் மூண்ட கிளர்ச்சியை ஒடுக்கத் துணைநின்ற கொடவத் தலைவர்களுக்குக் கம்பனி பதக்கங்கள் வழங்கியது. பின்னர் ஆயுதச் சட்டத்திலிருந்தும் விலக்களிக்கப்பட்டது. அவ்விலக்கு கொடவ இனத்தவர்க்கும் குடகின் ஜம்மா நிலமுடையோர்க்கும் உரியது. 2021 இல் கர்நாடக உயர்நீதிமன்றமும் அதனை ஏற்றது. மரபு எனப் போற்றப்படும் துவக்குரிமையில் நிலவுடைமை பொறித்த முத்திரை இன்றும் அழியவில்லை.

ஆயின் அவ்வயல்களில் சேற்றில் இறங்கியோர் யாவர்? எரவர் முதலிய பழங்குடியினர் நிலத்தோடு பிணைக்கப்பட்ட அடிமைகளாக உழைத்தனர். 1843 ஆம் ஆண்டுச் சட்டம் அடிமைமுறைக்குச் சட்ட அங்கீகாரத்தை மறுத்தது. கடன் என்னும் புதிய விலங்கு அதன் இடத்தைப் பற்றிக்கொண்டது. 1850களில் ஐரோப்பியர் தொடங்கிய கோப்பித் தோட்டங்கள் கூலியுழைப்பை விரிவாக்கின. 2016 டிசம்பரில் திட்டள்ளியில் நூற்றுக்கணக்கான பழங்குடிக் குடும்பங்களின் குடிசைகள் அகற்றப்பட்டமை, இவ்வரலாறு முடிவுறவில்லை என்பதைக் காட்டுகின்றது.

நடிகேரியண்ட சின்னப்ப தொகுத்து 1924 இல் வெளியிட்ட 'பட்டோலெ பழமெ' கொடவரின் வாய்மொழிப் பாடல்களையும் வழக்காறுகளையும் பேணிய அரும்பெரும் நூலாகும். சிறுபான்மை மொழியொன்றின் இத்தகைய செல்வத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. நால்வர் துடி கொட்டிப் பாடும் அப்பாடல்களில் ஒரு மக்களின் நினைவு உயிர்வாழ்கின்றது. எனினும், பாடலைக் காக்கும் பணி அதன் பின்னணியிலுள்ள உழைப்பை மறப்பதாக அமைதல் ஆகாது. ஐன்மனையின் விளக்கொளியில் மட்டுமன்றி, அதன் வயலோரக் குடிசையின் இருளிலிருந்தும் குடகின் வரலாறு எழுதப்படும்போதே அது முழுமைபெறும்.