கொட்டியாரக் குடாவும் வேடர் உலர்த்திய மான் இறைச்சியும்

திருகோணமலைத் துறைமுகத்தின் வரலாறு என்றதும் கோட்டைகளும் கப்பற்படைகளுமே நினைவுக்கு வருகின்றன. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று பட்டியல் நீளும். அப்பட்டியலின் ஓரத்தில்கூட இடம்பெறாத ஒன்று, நெருப்பின்மேல் மெல்ல உலர்த்திய மான் இறைச்சி.

1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்தில் வீசிய புயலில் பாய்மரத்தை இழந்த 'ஆன்' என்னும் ஆங்கில வணிகக் கப்பல், செப்பனிடுவதற்காகக் கொட்டியாரக் குடாவை அடைந்தது. அடுத்த ஆண்டு அதன் தலைவரையும் அவர் மகன் றொபேட் நொக்சையும் வேறு சிலரையும் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் பிடித்துச் சென்றனர். தந்தை 1661இல் சிறையிருப்பிலேயே இறந்தார். மகன் 1679இல் தப்பி, 1681இல் இலண்டனில் தம் நூலை வெளியிட்டார்.

அந்நூலில் வேடரைப் பற்றிச் சில பத்திகள் உண்டு. அவர்கள் மான் இறைச்சியை நெருப்பின்மேல் உலர்த்துவர். நாட்டு மக்கள் தேடிவந்து வாங்கிச் செல்வர். மரத்தைக் குடைந்து, தேன் வார்த்து, இறைச்சியை நிரப்பிக் களிமண்ணால் அடைத்துப் பஞ்ச காலத்துக்கு வைப்பதும் உண்டாம். வேடர் நிறைந்ததாக அவர் குறிப்பிடும் பிந்தென்னைக் காட்டைக் கடந்து வரும் மகாவலிதான் கொட்டியாரக் குடாவில் கடலோடு கலக்கிறது.

எந்தப் பாகத்தை உலர்த்தினர் என்று நொக்ஸ் எழுதவில்லை. ஆனால் இறைச்சியின் இயல்பைக் கொண்டு ஓரளவு ஊகிக்கலாம். உலர்த்தலுக்குக் கொழுப்பு பகை. நாள்பட்டால் அது காறிப்போகும். ஆகவே கொழுப்பற்ற தொடைச் சதையும் முதுகுச் சதையுமே நீளவாக்கில் கீறிப் புகையில் இடுவதற்கு ஏற்றவை. முன்சப்பையும் நெஞ்சுப் பகுதியும் வேறு வகை. விலங்கு நடக்கவும் நிற்கவும் ஓயாது உழைக்கும் தசைகள் அவை, இணைப்பிழைகள் மிகுந்தவை. உலர்த்தினால் தோல்போல் ஆகிவிடும். மூடிய அடுப்பில், தணிந்த சூட்டில், பல மணி நேரம் கிடந்தால் அவ்விழைகள் இளகி ஜெலட்டினாக மாறும். அமெரிக்காவின் டெக்சாசில் மாட்டின் நெஞ்சுக்கறியைப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் புகையில் வைப்பதன் சூட்சுமம் இதுவே. அதே பொறுமையை மென்மையான முதுகுச் சதையிடம் காட்டினால் மிஞ்சுவது சக்கைதான். அதற்குக் கனலில் சிறிது நேரம் போதும்.

நம்மவர்க்கு இது புதிதன்று. பொருநராற்றுப்படையில் ஆட்டின் பருத்த தொடை வேகவைக்கப்படுகிறது. கொழுத்த துண்டுகளோ கம்பியில் கோத்துச் சுடப்படுகின்றன. பாகத்துக்கேற்ற நெருப்பு!

1937ஆம் ஆண்டின் தாவர, விலங்குப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் முதலாகக் கட்டுப்பாடுகள் இறுகின. இன்று மான், மரை வேட்டை குற்றம்; அது சரியே என்பது என் கருத்து. பிரெட்றிக் கோட்டைக்குள் புள்ளிமான்கள் அச்சமின்றி மேய்கின்றன. எனினும், காட்டோடு வாழ்ந்தவரின் கைத்தொழில் அறிவு எங்கே போயிற்று என்று எவரும் கேட்கவில்லை. மூதூர், ஈச்சிலம்பற்று, வாகரைப் பகுதிகளின் கரையோர வேடர் இன்று தமிழ் பேசுவோர். பலர் மீன்பிடித்து வாழ்கின்றனர். 2004இன் கடற்கோளும் 2006இன் போரும் அப்பகுதிகளைக் கலைத்துப்போட்டன. எந்தச் சதையை எப்படிக் கீறினர், எந்த விறகை மூட்டினர் என்பதை அங்குள்ள முதியோரிடம் இப்போதாவது கேட்டு எழுதிவைக்க வேண்டும். கிழக்கின் பல்கலைக்கழக மாணவர் எவரேனும் இதைக் கையில் எடுப்பாரா?