முகப்பும் அகமும்: மலைநாட்டுப் பழங் கட்டடங்களின் மறுவாழ்வு

நகரத்தின் தோற்றம்

மத்திய மலைநாட்டிலே, கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் அமைந்த நுவரெலியா, ஆங்கிலேயர் தம் உடல்நலத்தின் பொருட்டுத் தேர்ந்துகொண்ட நகரமாகும். 1824 முதல் 1831 வரை தேசாதிபதியாயிருந்த சேர் எட்வேட் பாண்ஸ் இங்கு மாளிகையொன்றை அமைத்தார். சேமுவேல் பேக்கர் 1840களின் பிற்பகுதியிலே ஆங்கிலக் குடியேற்றமொன்றை நிறுவ முயன்றார். 1885 இல் புகையிரதப் பாதை அண்மையிலுள்ள நானுஓயாவை எட்டிற்று. இலைநோயினாற் கோப்பிப் பயிர் அழிய, அதன் இடத்தைத் தேயிலை பற்றிக்கொண்ட காலமும் அதுவே.

1894 இல் நகரின் நடுவே, செங்கல்லாலான இரண்டு மாடித் தபாற் கந்தோர் எழுந்தது. சரிந்த கூரையும் மணிக்கூட்டுக் கோபுரமும் உடைய அக்கட்டடம், இங்கிலாந்தின் தியூடர்க் காலத்துப் பாணியைத் தழுவியது. இன்றும் நகருக்குள் வருவோரின் கண் முதலிற் சென்று தங்குவது அச்செந்நிற முகப்பின் மீதேயாம். இத்தகைய கட்டடங்களின் முகம் இங்கிலாந்தை நினைவூட்டினும், அவற்றை எழுப்புதற்கான செல்வம் தென்னிந்தியாவிலிருந்து வந்து மலைகளைத் தோட்டங்களாக்கிய தமிழ்த் தொழிலாளரின் உழைப்பில் விளைந்ததென்பதை வரலாறு மறத்தலாகாது.

முகப்பு என்பது யாது?

பழங் கட்டடமொன்றைப் புதுப்பிக்க முற்படுவோர், முகப்பை வெறும் அணியாகக் கருதி விடுகின்றனர். அது தவறு. முகப்பு என்பது தட்பவெப்பத்துக்கும் அகத்தே நிகழும் தொழிலுக்கும் இடையே நின்று இரண்டுக்கும் விடையளிக்கும் உறுப்பு. நுவரெலியாவில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 1,900 மில்லிமீற்றர் மழை பொழிகின்றது. தை, மாசி மாதங்களிற் சில வைகறைகளிலே புல்லின்மீது உறைபனியும் படிவதுண்டு. எனவே கூரையின் சரிவு அழகுக்கு மட்டும் அமைந்ததன்று. நீரை விரைந்து கழிப்பதற்கும் அமைந்தது. இறவாரத்தின் நீட்சி சுவரை நனையாமற் காப்பதற்கானது.

பழைய செங்கற் சுவர் ஈரத்தை உறிஞ்சிப் பின்னர் வெளியேவிடும் இயல்பினது. சுண்ணச் சாந்தினாற் கட்டிய சுவரில் ஈரம் பெரும்பாலும் அச்சாந்தின் வழியே வெளியேறும். பழுது பார்ப்போர் அவ்விடத்தில் வன்மையான சீமெந்தைப் பூசினால், வழியடைபட்ட ஈரம் செங்கல்லினுள்ளே தங்கி அதன் மேற்பரப்பைச் செதில் செதிலாக உதிரச் செய்யும். சுவருக்கு வலிமையளிக்க எண்ணிச் செய்த செயலே அதனை அரித்துவிடும். நீர் புகாத வர்ணப் பூச்சின் கேடும் இத்தகையதே. இவற்றோடு, பெயர்ப் பலகை, மின்கம்பி, நீர்க்குழாய், புதிதாக ஏற்றும் மேல்மாடி என்பனவும் முகப்பைச் சிதைப்பன. பலகை சாளரங்களை மறையாதிருத்தலும், குழாய்கள் பின்புறத்தே செல்லுதலும், புதிய மாடி தெருவிலிருந்து நோக்குவோர்க்குத் தோன்றாவாறு பின்வாங்கி நிற்றலும் வேண்டும்.

தொழிற்சாலை விடுதியான வரலாறு

இக்கருத்துகளுக்குத் தக்க சான்று நுவரெலியாவின் அயலிலுள்ள கந்தப்பளையில் உண்டு. அங்கே ஹெதர்செற் தோட்டத்தின் தேயிலைத் தொழிற்சாலை, தொழில் நின்றபின் நெடுங்காலம் கைவிடப்பட்டுக் கிடந்தது. எயிற்கன் ஸ்பென்ஸ் நிறுவனம் அதனைச் செப்பனிட்டு 1996 இல் விடுதியாகத் திறந்தது.

தேயிலைத் தொழிற்சாலையை, தோட்ட மக்கள் ‘ஸ்டோர்’ என வழங்குவர். அதன் வடிவம் கொழுந்தின் தேவையினின்றும் பிறந்தது. பறித்த கொழுந்து முதலிற் காற்றிலே வாடவேண்டும். ஆதலின் மேல்மாடிகள் யாவும் நீண்ட வாட்டுங் கூடங்களாக, இருமருங்கும் நெருங்கிய சாளர வரிசைகளோடு அமைந்தன. உருட்டும் இயந்திரங்களும் உலர்த்தும் அடுப்பும் பாரம் மிக்கவையாதலின் நிலத்தளத்தில் நின்றன. தகரத்தாற் போர்த்த வெளிச்சுவரும் வரிசை வரிசையான சாளரங்களும் இங்ஙனம் தொழிலால் விளைந்த முகப்பாயின.

விடுதியாக்கியோர் அம்முகப்பை மாற்றாது, அகத்தை அதற்கேற்ப ஒழுங்குசெய்தனர். வாட்டுங் கூடங்கள் அறைகளாயின. இரும்புத் தூண்களும் உத்தரங்களும் மறைக்கப்படாமல் விடப்பட்டன. பழைய இயந்திரங்கள் சில காட்சிக்கு நின்றன. சாளர வரிசையைப் பேணும்போது இடைச்சுவரை விரும்பிய இடத்தில் எழுப்ப இயலாது. இரு சாளரங்களுக்கு இடையேதான் எழுப்பலாம். அறையின் அகலத்தைச் சாளரமே வரையறுக்கும். தகரச் சுவரோ குளிரையும் மழையோசையையும் உள்ளே விடுவது. உட்புறத்தே மற்றோர் உறை அமைத்தாலன்றி அங்கே மனிதர் துயிலல் அரிது. இத்தகைய இடர்ப்பாடுகளை முகப்பைச் சிதையாமலே தீர்த்த அம்முயற்சி, 2001 இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதுகளிற் பாராட்டுப் பெற்றது.

உயிருள்ள தொழிலும் கட்டடமும்

ஹெதர்செற்றிற் கிடைத்த வெற்றியை எல்லாக் கட்டடங்களுக்கும் விதியாக்கலாமா? 2023 இல் நுவரெலியாத் தபாற் கந்தோரை விருந்தகமொன்றின் பொருட்டுக் கையளிக்கும் திட்டம் எழுந்தபோது இவ்வினாவும் எழுந்தது. அவ்வாண்டு நவம்பரிலே தபால் ஊழியர் சங்கங்கள் அதனை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தன.

இரு கட்டடங்களுக்குமிடையே பெரியதொரு வேறுபாடு உளது. ஹெதர்செற்றில் தொழில் மடிந்தபின்னரே கட்டடம் வேறு பணியை நாடிற்று. தபாற் கந்தோரிலோ, 2023 இலும் தொழில் நடந்துகொண்டேயிருந்தது. மலையக மக்களின் வாழ்விலே தபாலுக்குள்ள இடம் சிறிதன்று. லயங்களில் வாழ்வோர்க்குத் தனித்தனி முகவரியின்மையால், அவர்தம் கடிதங்கள் தோட்டக் கந்தோர் வழியாகவே நெடுங்காலம் அவர்களைச் சேர்ந்தன. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1964 இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின்னர் உடன்பிறந்தோர் சிலர் இங்கும் சிலர் தமிழ்நாட்டிலுமாகப் பிரிந்தனர். பிரிந்தோரை இணைத்தது தபாலே. தபாற் பணி நீங்கிய பின்னரும் செங்கற் சுவர் நிற்கலாம், மணிக்கூடு ஓடலாம். ஆயின் எவரும் உட்புகும் உரிமையுடைய பொதுமனை, கட்டணம் செலுத்துவோர் மட்டும் புகும் இல்லமாகிவிடும். அகம் மாறிய பின் நிற்கும் முகப்பு, முகமூடியே.

சட்டத்தின் எல்லை

1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட் சட்டம், 1815 மார்ச் 2 இற்கு முற்பட்ட கட்டடங்களையே புராதனச் சின்னங்களாக வரையறுத்தது. அது கண்டி உடன்படிக்கை கைச்சாத்தான நாள். நுவரெலியா நகரமோ முழுவதும் அந்நாளுக்குப் பிற்பட்டது. பிற்காலத்துக் கட்டடங்கள் காக்கப்படவேண்டுமாயின், தனித்தனியே அறிவித்தல் செய்யப்படல் வேண்டும். எவற்றை அறிவிப்பது என்னுமிடத்து, அழகிய முகப்புடையவற்றையே கண் நாடும். தோட்டத்து வரலாற்றின் பெரும் பகுதி நிகழ்ந்த லயத்துக்கு முகப்பென ஒன்றில்லை. தகரக் கூரையும், புகை படிந்த சுவரும், ஒரே நிரையிலே பல காம்பராக்களுமே அதன் அமைப்பு.

ஆயினும், கம்பளைப் பகுதியிலே பழைய லயமொன்று 2007 இல் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாக்கப்பட்டது. அங்கே காக்கப்படுவது கட்டடக் கலையன்று. அச்சிறு காம்பராவுள் வாழ்ந்தோரின் வாழ்க்கை. மக்கள் இன்றும் வதியும் லயங்கள் நீங்கி நல்ல வீடுகள் எழவேண்டும் என்பதில் ஐயமில்லை. அவ்வாறு எழும்போது, ஒரு சிலவேனும் இவ்வாறு வரலாற்றின் பொருட்டு நிலைத்தல் தகும்.

இம்மூன்று கட்டடங்களும் ஒரு முறைமையை உணர்த்துகின்றன. தொழில் மடிந்த கட்டடத்துக்கு, அதன் முகப்புக்கு இணங்கிய புதுத் தொழிலை அளித்தல் நன்று. தொழில் உயிருடனிருக்குமாயின், முதலிற் காக்கவேண்டியது அத்தொழிலையே. முகப்பே இல்லாத கட்டடத்திலும் வரலாறு இருக்குமாயின் அதனையும் தேடிக் காத்தல் வேண்டும். சுவரைச் செப்பனிடச் சுண்ணமும் செங்கல்லும் போதும். எதனைச் செப்பனிடுவதென்று துணிதற்கு வரலாற்றறிவு வேண்டும். அவ்வறிவை வளர்த்தல் மலைநாட்டுக் கல்விநிலையங்களின் கடனாகும்.