பிள்ளைகளுக்கான வரிச் சலுகையும் வாவிக்கரைக் குடும்பங்களும்

ஒரு நாட்டின் வரிச் சட்டம் அந்நாட்டுப் பிள்ளைகளை எவ்வாறு நோக்குகின்றது என்பது கணக்காளர்களுக்கு மட்டும் உரிய விடயமன்று. பிள்ளை வளர்ப்பு பெற்றோரின் கடமை மாத்திரமன்றிச் சமூகத்தின் பொறுப்பும் ஆகும் என்ற கொள்கையை ஏற்றுக்கொண்ட பல நாடுகள், பிள்ளை ஒன்றுக்கு இவ்வளவு எனக் கணக்கிட்டு, வரி முறைமையினூடாகவே குடும்பங்களுக்குப் பணம் வழங்கி வருகின்றன. புலம்பெயர்ந்து வாழும் எமது உறவினர்கள் பேச்சுவழக்கில் 'பிள்ளைக் காசு' என்று குறிப்பிடுவது இதனையே. மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் வாழும் தமிழ், முஸ்லிம் குடும்பங்களுக்கு இத்தகைய ஏற்பாடு உண்டா, இல்லையெனில் அதற்கு ஈடாக எது உள்ளது என்பதை விளக்குவது பயனுடையது எனக் கருதுகின்றோம்.

வரி மூலமான சலுகை மூன்று வகைப்படும். முதலாவது, வரி விதிக்கப்படும் வருமானத்திலிருந்து ஒரு தொகையைக் கழித்துவிடும் விலக்கு. இதனால் கூடிய நன்மை பெறுபவர் கூடிய வீதத்தில் வரி செலுத்தும் வசதி படைத்தவரே. இரண்டாவது, செலுத்த வேண்டிய வரியிலிருந்தே நேரடியாகக் கழிக்கப்படும் வரி வரவு. வரி செலுத்தும் அளவுக்கு வருமானம் இல்லாதவருக்கு இதனால் எப்பயனும் இல்லை. மூன்றாவது, மீளளிக்கப்படும் வரவு. ஒருவர் செலுத்த வேண்டிய வரி 20,000 ரூபாவாகவும் அவரது பிள்ளைகளுக்கான வரவு 50,000 ரூபாவாகவும் இருப்பின், வரி முற்றாக நீங்குவதுடன் எஞ்சிய 30,000 ரூபா அவரது கைக்கு வந்து சேரும். வரியே செலுத்தாத ஏழைக்கு 50,000 ரூபாவும் கிடைக்கும். ஏழைக் குடும்பத்தின் அடுப்பங்கரை வரை சென்றடையக்கூடியது இம்மூன்றாவது வகை மட்டுமே.

ஐக்கிய அமெரிக்காவின் அனுபவம் இதற்குச் சிறந்த சான்றாகும். அங்கு 1997 ஆம் ஆண்டின் சட்டத்தினால் பிள்ளை வரி வரவு உருவாக்கப்பட்ட போதிலும், மிகக் குறைந்த வருமானம் உடையோருக்கு அதன் முழுப் பயன் கிடைக்கவில்லை. கொவிட் பெருந்தொற்றின் பின் 2021 ஆம் ஆண்டுக்கு மாத்திரம், ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு 3,600 டொலர், அதற்கு மேல் 17 வயது வரை 3,000 டொலர் என அது உயர்த்தப்பட்டு, முற்றாக மீளளிக்கப்படும் வரவாக மாற்றப்பட்டது. அதன் ஒரு பகுதி ஜூலை முதல் டிசம்பர் வரை மாதாந்தம் வழங்கப்பட்டது. அரச உதவிகளையும் கணக்கிற்கொள்ளும் வறுமை அளவீட்டின்படி 2021 இல் 5.2 சதவீதமாக வீழ்ந்திருந்த சிறுவர் வறுமை, அவ்வேற்பாடு முடிவுற்ற பின் 2022 இல் 12.4 சதவீதமாக மீண்டும் உயர்ந்தது. கனடாவில் 2016 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பிள்ளை நலக் கொடுப்பனவும் பிள்ளைகளின் எண்ணிக்கை, வயது, குடும்ப வருமானம் ஆகியவற்றைக் கொண்டே கணிக்கப்படுகின்றது. வருமானமே இல்லாதவரும் வரிப் படிவத்தைச் சமர்ப்பித்தால் அங்கு அதனைப் பெறலாம் என்பது குறிப்பிடத்தக்கது.

இலங்கையின் நிலை என்ன? 2017 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தின் கீழ் தனிநபருக்குரிய வருடாந்த விலக்கு 2025 ஏப்ரல் முதல் 18 இலட்சம் ரூபாவாக உயர்த்தப்பட்டது. மாதமொன்றுக்கு ஒன்றரை இலட்சம் ரூபா வரை உழைப்பவர் வருமான வரி செலுத்த வேண்டியதில்லை என்பது இதன் பொருள். ஆனால், பிள்ளை இல்லாதவருக்கும் நான்கு பிள்ளைகளின் பெற்றோருக்கும் இவ்விலக்கு ஒன்றேதான். வாவியில் வீச்சுவலை வீசுபவரும், படுவான்கரையில் கூலிக்கு வயல் வேலை செய்பவரும், காத்தான்குடியில் பாய் இழைக்கும் பெண்ணும் இந்த எல்லைக்கு அருகிலேனும் வருவதில்லை. ஆகவே வருமான வரியினூடாக எவ்வளவு சலுகை வழங்கினாலும் அது இவர்களைத் தீண்டாது.

அப்படியாயின் ஏழைகள் வரி செலுத்துவதில்லையா? செலுத்துகின்றனர். 2024 ஜனவரி முதல் 18 சதவீதமாக உயர்த்தப்பட்ட பெறுமதி சேர் வரி, கடையில் வாங்கும் பொருளின் விலைக்குள் மறைந்து வருகின்றது. அரிசி போன்ற சில அத்தியாவசியப் பொருட்களுக்கு விலக்கு உண்டெனினும், சவர்க்காரத்துக்கும் பற்பசைக்கும் பாடசாலைப் பைக்கும் அவ்விலக்கு இல்லை. பிள்ளைகள் கூடிய வீட்டில் இப்பொருட்களின் தேவையும் கூடும், மறைமுக வரியும் கூடும். எனவே, ஏழைப் பெற்றோருக்கு அரசு வழங்கும் பணத்தை இனாம் என எண்ணுவது தவறு. அதில் ஒரு பங்கேனும் அவர்களிடமிருந்து பெறப்பட்டதே.

பிள்ளை வரி வரவுக்கு மிக நெருங்கிய ஏற்பாடாக இங்கு இருப்பது நலன்புரிக் கொடுப்பனவே. 1979 இன் உணவு முத்திரை, 1989 இன் ஜனசவிய, 1995 இன் சமுர்த்தி என வளர்ந்த இவ்வேற்பாட்டின் இடத்தை, 2002 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டத்தின் கீழ் 2023 ஜூலையில் 'அஸ்வெசும' பிடித்துக்கொண்டது. கல்வி, சுகாதாரம், பொருளாதார மட்டம், சொத்துகள், வீட்டு நிலைமை, குடும்பக் குடிசனப் பண்பு ஆகிய ஆறு துறைகளில் 22 குறிகாட்டிகளைக் கொண்டு ஒவ்வொரு குடும்பத்துக்கும் புள்ளி இடப்பட்டது. வறியோர் எனக் கணிக்கப்பட்ட குடும்பத்துக்கு 8,500 ரூபாவும் மிக வறியோருக்கு 15,000 ரூபாவும் எனத் தொடங்கிய மாதாந்தக் கொடுப்பனவு, 2025 ஜனவரியிலிருந்து முறையே 10,000 ரூபாவாகவும் 17,500 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டது.

இங்கேதான் நாம் சுட்டிக்காட்ட விரும்பும் குறை உள்ளது. 2015 இல் திருத்தப்பட்ட சமுர்த்திக் கொடுப்பனவு, ஒருவர் அல்லது இருவர் உள்ள குடும்பத்துக்கு 1,500 ரூபா, மூவருக்கு 2,500 ரூபா, நால்வருக்கும் அதற்கு மேலும் 3,500 ரூபா என அங்கத்தவர் தொகையைக் கருத்திற் கொண்டிருந்தது. தொகை சொற்பமாயினும் கொள்கை சரியானது. 2023 இல் தொடங்கிய அஸ்வெசும திட்டத்திலோ குடும்ப அமைப்பு தகுதியைத் தீர்மானிக்கும் புள்ளிக்கு மாத்திரம் உதவியது. தகுதி பெற்ற பின் இருவர் வாழும் வீட்டுக்கும் அறுவர் வாழும் வீட்டுக்கும் தொகை ஒன்றாகவே இருந்தது. 10,000 ரூபாவை இருவர் பகிர்ந்தால் ஆளுக்கு 5,000 ரூபா. அறுவர் பகிர்ந்தால் ஏறத்தாழ 1,667 ரூபா. நான்கு பிள்ளைகளைப் பெற்ற வீட்டுக்கு இது உதவியா, தண்டனையா என்ற கேள்வி எழுவது இயல்பே. குடிசன மதிப்பீட்டுப் புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2019 ஆம் ஆண்டுத் தரவுகளின்படி, நான்கு வயதுக்கு மேற்படாத பிள்ளைகளில் 42.2 சதவீதத்தினர் பல்பரிமாண வறுமையில் இருந்தனர். பொருளாதார நெருக்கடிக்கு முற்பட்ட நிலைமையே அது என்பதை மறந்துவிடலாகாது.

வாவிப் பிரதேசத்தில் இக்குறை மேலும் கூர்மையடைகின்றது. வடக்கே பங்குடாவெளி தொடக்கம் தெற்கே கல்முனை வரை நீண்டு கிடக்கும் இவ்வாவியை நம்பிய குடும்பங்களின் வருமானம் மாதச் சம்பளம் போன்றதன்று. மாரி வெள்ளமும் முகத்துவாரத்தின் திறப்பும் மூடலும் மீன், இறால் வரவைத் தீர்மானிக்கின்றன. நல்ல பருவத்தில் கணக்கெடுக்க வருபவருக்குத் தென்படும் வீடு வேறு. தோணி கரையில் கிடக்கும் காலத்து வீடு வேறு. யுத்தத்தினாலும் 2004 ஆழிப்பேரலையினாலும் கணவனை இழந்து தனித்துக் குடும்பத்தைச் சுமக்கும் பெண்கள் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் உள்ளனர். தாய் மத்திய கிழக்கில் உழைக்க, பாட்டியின் அரவணைப்பில் வளரும் பிள்ளைகள் தமிழ்க் கிராமங்களிலும் உள்ளனர், முஸ்லிம் கிராமங்களிலும் உள்ளனர். வறுமை இரு சமூகங்களையும் வேறுபடுத்திப் பார்ப்பதில்லை.

பிள்ளையை அலகாகக் கொண்டு பணம் வழங்க அரசினால் முடியும் என்பதற்கு அண்மைய உதாரணமும் உண்டு. 2025 ஆம் ஆண்டுப் பாடசாலை உபகரணங்களுக்காக அஸ்வெசும குடும்பங்களின் மாணவர் ஒருவருக்கு 6,000 ரூபா வீதம் வழங்க 2024 டிசம்பரில் தீர்மானிக்கப்பட்டது. இருவர் படிக்கும் வீட்டுக்கு 12,000 ரூபா. இக்கொள்கையையே மாதாந்தக் கொடுப்பனவுக்கும் விரிவுபடுத்துவதில் நிருவாகத் தடை எதனையும் நாம் காணவில்லை.

பிள்ளைக்குப் பணம் கொடுத்தால் பிள்ளைகள் பெருகும் என்று அஞ்சுவோரும், ஒரு சமூகத்துக்கு மற்றொன்றை விட அதிகம் போய்விடும் எனச் சந்தேகிப்போரும் உள்ளனர். ஒரு காலத்தில் மூன்று இலட்சத்துக்கு மேலிருந்த இலங்கையின் வருடாந்தப் பிறப்புகள் 2023 இல் இரண்டரை இலட்சத்துக்கும் கீழே இறங்கிவிட்டன. முதலாவது அச்சத்துக்கு இதுவே போதிய பதில். இரண்டாவதற்கு நாம் கூறக்கூடியது, பசித்த பிள்ளைக்கு இனமில்லை என்பதே.

கொள்கை மாறும் வரை, இருக்கும் உரிமையையேனும் இழக்காதிருத்தல் வேண்டும். பிள்ளையின் பிறப்பைக் காலதாமதமின்றிப் பதிவு செய்தல், குடும்ப விபரத்தில் ஏற்படும் மாற்றத்தைக் கிராம உத்தியோகத்தருக்கும் பிரதேச செயலகத்தின் நலன்புரிப் பிரிவுக்கும் எழுத்தில் அறிவித்தல், பயனாளிகள் பட்டியல் வெளியானவுடன் பெயரைச் சரிபார்த்தல், விடுபட்டிருப்பின் குறித்த தவணைக்குள் மேன்முறையீடு செய்து பிரதியைப் பேணுதல் ஆகியன இன்றியமையாதவை. 2023 இல் முதற்கட்டப் பட்டியல் வெளியானபோது நாடெங்கும் பல இலட்சம் மேன்முறையீடுகள் செய்யப்பட்டன. முறையிட்டவர்களின் விபரமே மீள்பரிசீலனைக்கு உட்பட்டது. எழுதத் தெரியாமல் இருந்துவிட்டவர்களின் நிலையை எவரும் அறியார்.

இவ்விடத்தில் பள்ளிவாசல் நிருவாகங்களும் ஆலய பரிபாலன சபைகளும் ஆற்றக்கூடிய பணி பெரிது. ஸக்காத்தும் அன்னதானமும் ஒருநாளைப் பசியைத் தணிக்கும். படிவம் நிரப்பிக் கொடுக்கும் ஓர் இளைஞனின் உதவி ஒரு குடும்பத்துக்குப் பல வருட உரிமையைப் பெற்றுத்தரும். இப்பிரதேசத்தின் பாராளுமன்ற உறுப்பினர்கள், கட்சி வேறுபாடின்றி, கொடுப்பனவைப் பிள்ளைகளின் எண்ணிக்கையுடன் இணைக்குமாறு வரவுசெலவுத்திட்ட விவாதங்களில் ஒருமித்துக் குரல் எழுப்ப வேண்டும். வாவியின் இரு கரைகளுக்கும் பொதுவான இக்கோரிக்கையில் பேதம் பாராட்ட எவருக்கும் காரணம் இருக்க முடியாது.