நினைவகத்தில் ஏன் காலி இடங்கள்?

ஒரு மாணவரின் பிரிவைக் குறிக்க 1 பைட், பதிவெண்ணுக்கு 4 பைட், தேர்ச்சியைக் குறிக்க மேலும் 1 பைட். கூட்டினால் 6 பைட். ஆனால், இதே வரிசையில் சி மொழியில் எழுதி அளவைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலான கணிப்பொறிகள் 12 என்றே சொல்லும். கூடுதலான 6 பைட் எங்கிருந்து வந்தது?

பம்பாயில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் உருவாகி, 1960-இல் முழு அளவில் இயங்கத் தொடங்கிய டிஃப்ராக் கணிப்பொறியில் இக்கேள்வி எழவில்லை. அதன் நினைவகத்தில் 2,048 அறைகள். அறைக்கு 40 பிட். முகவரி அறைக்குத்தான் உண்டு. ஆகவே ஓர் எண் இரண்டு அறைகளுக்கு நடுவே விழ வழியில்லை.

1964-இல் ஐ.பி.எம். நிறுவனம் அறிவித்த 360 வரிசைப் பொறிகளில் ஒவ்வொரு பைட்டுக்கும் தனி முகவரி வந்தது. எழுத்துகளைக் கையாள அது வசதி. கூடவே ஒரு விதியும் வந்தது: 4 பைட் எண் 4-ஆல் வகுபடும் முகவரியிலும், 8 பைட் எண் 8-ஆல் வகுபடும் முகவரியிலுமே தொடங்க வேண்டும். மீறினால் பொறி பிழை என்று அறிவித்து, நிரலின் ஓட்டத்தை இடைமறித்துவிடும்.

இது வெறும் பிடிவாதமன்று. சங்கராபுரத்தில் என் மாணவர்களுக்கு நான் வகுப்புப் பெஞ்சைக் காட்டித்தான் இதை விளக்குவது வழக்கம். பெஞ்சுக்கு நால்வர், ஒரு தடவைக்கு ஒரு பெஞ்சைத்தான் எழுப்பலாம் என்று கொள்ளுங்கள். நால்வர் குழு ஒரே பெஞ்சில் இருந்தால் ஒரே அழைப்பு போதும். இரண்டு பெஞ்சுகளில் பிரிந்திருந்தாலோ, இருமுறை அழைத்து, வேண்டாதவரை உட்காரவைத்து, மற்றவரை வரிசைப்படுத்த வேண்டும். நினைவகமும் இப்படி வரிசை வரிசையாகத்தான் படிக்கப்படுகிறது.

1970-இல் வந்த 370 வரிசை இவ்விதியைப் பெரும்பாலான கட்டளைகளுக்குத் தளர்த்தியது. சென்னை ஐ.ஐ.டி.யில் 1973-இல் நிறுவப்பட்ட 370/155 அவ்வரிசையைச் சேர்ந்ததே. எல்லை தவறிய எண்ணை அப்பொறி தானே இருமுறை படித்து ஒட்டிக்கொள்ளும். இது முழு நன்மை என்று நான் சொல்லமாட்டேன். நின்றுபோகும் நிரல் தன் குறையைச் சொல்லிவிடுகிறது. மெதுவாக ஓடும் நிரல் சொல்வதில்லை.

இப்போது நம் 12 பைட்டுக்கு வருவோம். பிரிவுக்கு 1, பிறகு காலியாக 3, பதிவெண்ணுக்கு 4, தேர்ச்சிக்கு 1, மீண்டும் காலியாக 3. கடைசி மூன்று எதற்கு? அடுத்த மாணவரின் பதிவெண்ணும் 4-ஆல் வகுபடும் முகவரியில் விழவேண்டுமே! பதிவெண்ணை முதலில் வைத்துப் பாருங்கள்: 4, 1, 1, காலியாக 2, மொத்தம் 8. ஒரு லட்சம் மாணவருக்கு 4 லட்சம் பைட் மிச்சம். சி மொழியின் விதிப்படி உறுப்புகளின் வரிசையை மொழிமாற்றி தானாக மாற்றக் கூடாது. எழுதுபவர்தான் மாற்ற வேண்டும்.

இட நட்டத்தைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. காலி இடம் என்கிறோமே தவிர, அங்கே முன்பிருந்த தகவலின் மிச்சம் கிடக்கலாம். இயக்க மென்பொருள் அதைத் துடைக்காமல் 12 பைட்டையும் அப்படியே வெளியே கொடுத்தால், ஒருவருடைய இரகசியம் மற்றொருவர் கைக்குப் போகும். லினக்ஸ் கருவில் இத்தகைய கசிவுகள் பல முறை கண்டுபிடிக்கப்பட்டுத் திருத்தப்பட்டுள்ளன.

அதே சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான சக்தி செயலியில் 2018-இல் லினக்ஸ் ஓடியது. சக்தி பின்பற்றும் ரிஸ்க்-ஐந்து கட்டளைத் தொகுதி, எல்லை தவறிய எண்ணைச் சுற்றமைப்பே சமாளிக்கலாம், அல்லது இடைமறித்து மென்பொருளிடம் ஒப்படைக்கலாம் என்று இரண்டையும் அனுமதிக்கிறது. எதைத் தேர்வது என்பது செயலியை வடிவமைப்பவரின் பொறுப்பு.